புத்தகம் விற்கிறவருக்காக ஒரு பிரவுசர் நீட்சி

இணையத்தில் பழைய புத்தகம் விற்கிற ஒருவர் ஒரே ஒரு புத்தகத்தைப் பட்டியலில் ஏற்றுவதற்கு என்னவெல்லாம் செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலையின் அலுப்பு புரியும். பின்னட்டையில் இருக்கிற எண்ணைத் தட்டச்சு செய்கிறார். ஒரு டேப்பில் அமேசான், இன்னொன்றில் ஏப்புக்ஸ், இன்னொன்றில் ஈபே, அப்புறம் நூல் விவரம் சரிபார்க்க ஓப்பன் லைப்ரரி. ஒவ்வொன்றிலும் அதே எண்ணை ஒட்டித் தேடுகிறார், யார் யார் என்ன விலை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார், கால்குலேட்டரில் கமிஷனையும் தபால் செலவையும் கழிக்கிறார், மிச்சம் கட்டுப்படியாகுமா என்று யோசிக்கிறார், ஆகாது என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்கிறார். இவ்வளவு நடக்கும்போது புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிற நேரம் கொஞ்சம்தான். வாங்குகிறவருக்கோ அந்தப் பார்வைதான் முக்கியம். உள்ளே பேனாவால் கோடு போட்டிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, மேலுறை இருக்கிறதா, நூலக முத்திரை இருக்கிறதா என்பதை அவர் திரையில் பார்க்க முடியாது. விற்கிறவர் எழுதுவதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.

இந்த வேலைக்கு உதவியாக ஒரு நீட்சி, அதாவது பிரவுசரோடு சேர்ந்து ஓடுகிற ஒரு சின்ன நிரல், எழுத இறங்கியபோதே எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். தேடுவது, எடுத்து வருவது, கூட்டிக் கழிப்பது எல்லாவற்றையும் நீட்சி பார்த்துக்கொள்ளட்டும். இது எந்தப் புத்தகம், என்ன நிலையில் இருக்கிறது, என்ன விலை வைக்கலாம் என்கிற மூன்றையும் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். நிரல் வளர வளர அந்தக் கோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை கூடிக்கொண்டேதான் போகிறது.

முதலில் ஐ.எஸ்.பி.என்., அதாவது பின்னட்டையில் இருக்கிற அந்த நூல் அடையாள எண், அதன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாத் தேடலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1960-களின் நடுவில் பிரிட்டனில் டபிள்யூ.எச்.ஸ்மித் போன்ற பெரிய விற்பனையாளர்களுக்காக கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியலாளர் வடிவமைத்த 9 இலக்க எண்தான் இதன் மூலம். 1970-ல் அது 10 இலக்கமாக, ஐ.எஸ்.ஓ. 2108 என்ற சர்வதேசத் தரமாக வந்தது. 2007 ஜனவரி 1 முதல் 13 இலக்கம். ஆக, பழைய புத்தகம் விற்கிறவர் மேசையில் மூன்று வகை எண்களும் இருக்கும், எண்ணே இல்லாத புத்தகங்களும் இருக்கும். நீட்சி இந்த நான்கையும் சமாளிக்க வேண்டும்.

9 இலக்க எண்ணைப் பத்தாக மாற்றுவது சுலபம், முன்னால் ஒரு 0 போட்டால் போதும், எண்ணைத் தப்பில்லாமல் அடித்தோமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கக் கடைசியில் வைத்திருக்கிற சரிபார்ப்பு இலக்கம்கூட மாறாது. பத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போக 978 என்று முன்னால் சேர்த்துவிட்டு சரிபார்ப்பு இலக்கத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் கணக்கு வேறு. பத்து இலக்க எண்ணில் முதல் இலக்கத்தை 10-ஆல், அடுத்ததை 9-ஆல், அடுத்ததை 8-ஆல் என்று பெருக்கிக்கொண்டே வந்து கூட்டினால் மொத்தம் 11-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். 0306406152 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 132, அதாவது பதினொன்று பன்னிரண்டு தடவை. கடைசி இலக்கம் 10 ஆக வேண்டி வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தைப் போடுகிறார்கள். பதின்மூன்று இலக்கத்தில் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கி, 10-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே புத்தகம் இதில் 9780306406157 ஆகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து இலக்கக் கணக்கு ஒரு இலக்கம் தப்பாக அடித்தாலும் பிடித்துவிடும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். பதின்மூன்று இலக்கக் கணக்கு இரண்டாவதில் கொஞ்சம் பலவீனமானது. இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் சரியாக 5 என்றால், அதாவது 16 என்பதை 61 என்றோ 27 என்பதை 72 என்றோ அடித்துவிட்டால், கணக்கு சரி என்றே சொல்லும். கையால் எண் அடிக்கிறவருக்கு இது நிஜமான ஆபத்து. தப்பான எண் ஒரு உண்மையான வேறு புத்தகத்தைக் கொண்டுவந்து நிறுத்தலாம், அதன் விலையைப் பார்த்து இதற்கு விலை வைத்துவிடலாம். அதனால்தான் எண்ணைத் தேடியதும் நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பெரிய எழுத்தில் முதலில் காட்டுகிறேன், விலை அதற்குக் கீழேதான் வரும். கண் முதலில் தலைப்பில் விழட்டும், கையில் இருக்கிற அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும்.

பார்கோடு ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. யூஎஸ்பி ஸ்கேனரைக் கணினி பொதுவாக ஒரு விசைப்பலகையாகவே பார்க்கிறது, பதின்மூன்று இலக்கத்தையும் கண் இமைக்கும் நேரத்துக்குள் அடித்துவிட்டு என்டரைத் தட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. எந்த மனிதரும் அவ்வளவு வேகத்தில் அடிக்க முடியாது என்பதால், விசைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை வைத்தே இது ஸ்கேனர் என்று நிரல் கண்டுபிடித்துவிடும். பின்னட்டையில் பார்கோடுக்குப் பக்கத்தில் சில சமயம் விலையைக் குறிக்கிற 5 இலக்கத் துணைக் குறியீடு ஒன்றும் இருக்கும், சில ஸ்கேனர்கள் அதையும் சேர்த்தே படித்துவிடும். பதினெட்டு இலக்கமாக வந்தால் முதல் பதின்மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத வேண்டும்.

சரி, எண் கிடைத்துவிட்டது. எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் பழைய புத்தக வியாபாரமே இருக்கிறது. கெட்டி அட்டைக்கு ஒரு எண், மெல்லிய அட்டைக்கு வேறு எண், இதுவரை சரி. ஆனால் அதே பதிப்பை மறுபடி மறுபடி அச்சடித்தால் எண் மாறாது. முதல் அச்சும் பத்தாவது அச்சும் ஒரே எண்ணைத்தான் சுமந்துகொண்டிருக்கும். சேகரிப்பவருக்கு இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பதிப்புரிமைப் பக்கத்தில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதில் மிச்சம் இருக்கிற மிகச் சிறிய எண்தான் பொதுவாக அது எத்தனையாவது அச்சு என்று காட்டும். அதை எந்த ஏபிஐயும், அதாவது ஒரு தளம் மற்ற நிரல்களுக்குத் தகவல் கொடுக்கிற எந்த வழியும், உங்களுக்குச் சொல்லாது. அந்தக் குறிப்பிட்ட பிரதியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. அதனால் நீட்சியில் அச்சு எண்ணுக்கு ஒரு பெட்டி வைத்தேன், அது காலியாகவே திறக்கும், எதையும் ஊகித்து நிரப்பாது.

இப்போது பக்கத்தைப் படிக்கிற வேலை. விற்பனையாளர் ஏதோ ஒரு தளத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்திருக்கிறார், அது எந்த நூல் என்று நீட்சி புரிந்துகொள்ள வேண்டும். நல்ல தளங்கள் பக்கத்துக்குள்ளேயே, நிரல்கள் படிப்பதற்கென்று வகுத்த ஸ்கீமா டாட் ஆர்க் முறையில், ஜேசன்-எல்டி வடிவத்தில் நூல் விவரங்களை எழுதி வைத்திருக்கும், ஐ.எஸ்.பி.என். அதிலேயே தனியாக இருக்கும். இது கிடைத்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். இல்லாவிட்டால் அடுத்து யூஆர்எல், அதாவது பக்கத்தின் இணைய முகவரி. அமேசானில் பழைய நூல்களின் அடையாள எண் பெரும்பாலும் பத்து இலக்க ஐ.எஸ்.பி.என்.-தான், ஆனால் 979 என்று தொடங்குகிற புது எண்களுக்குப் பத்து இலக்க வடிவமே கிடையாது என்பதால் அவற்றுக்கு பி என்ற எழுத்தில் தொடங்குகிற வேறு குறியீடு வரும். யூஆர்எல்லை மட்டும் நம்பி எழுதிய நிரல் அங்கே திணறிப்போகும்.

இரண்டும் இல்லை என்றால் பக்கத்தில் தெரிகிற எழுத்தைத் துழாவ வேண்டியதுதான். பத்து இலக்கமாக எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது, தொலைபேசி எண்ணும் பத்து இலக்கமாக இருக்கும், ஆர்டர் எண்ணும் இருக்கும். சரிபார்ப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை விழுந்துவிடும், ஆனாலும் ஏதோ ஒரு பத்து இலக்க எண் அந்தக் கணக்கில் தற்செயலாகத் தேறிவிடுவதற்கு ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது சின்ன எண் இல்லை. எனவே ஐ.எஸ்.பி.என். என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். ஒன்றுக்கு மேல் தேறினால் நீட்சி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டி, எது என்று கேட்கும்.

தளங்கள் அடிக்கடி முகம் மாறும். பக்கத்தின் தோற்றத்துக்காக ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளே வைக்கிற சிஎஸ்எஸ் வகுப்புப் பெயர்களை இயந்திரமே உருவாக்குகிற தளங்களில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தப் பெயர்கள் மாறலாம், அதை நம்பி எழுதியது அடுத்த வாரம் வேலை செய்யாமல் போகலாம். திரையில் மனிதர் படிக்கிற சொற்களை, அதாவது விலை, நிலை, விற்பனையாளர் போன்ற தலைப்புகளை நங்கூரமாக வைத்துத் தேடுவது இதைவிட நீண்ட நாள் தாங்கும். இன்னொன்று, இப்போதெல்லாம் பக்கம் புதிதாக ஏறாமலேயே உள்ளடக்கம் மாறிவிடுகிறது. நூல் மாறியிருக்கும், நீட்சி பழைய நூலின் கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். இது மிக மோசமான பிழை, ஏனென்றால் திரையில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். மியூட்டேஷன் அப்சர்வர் என்ற வசதியை வைத்து மாற்றங்களைக் கவனித்து, மாற்றம் ஓய்ந்து கொஞ்சம் பொறுத்து, எண்ணை மறுபடி படித்து, வேறு என்றால் பழைய கணக்கை உடனே அழித்துவிட வேண்டும். புதியது வரும்வரை காலியாக இருந்தாலும் பரவாயில்லை, தப்பான எண் மட்டும் திரையில் இருக்கக் கூடாது.

பிரவுசர் பக்கத்து விதிமுறைகளும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குரோம் நீட்சிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2010 வாக்கில். ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பரில் வந்த 57-வது பதிப்போடு தன் பழைய நீட்சி முறையைக் கைவிட்டு, குரோமை ஒத்த முறைக்கு மாறியது. சஃபாரி 2020-ல் 14-வது பதிப்பில் அதே முறையை ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரே நிரலை மூன்றிலும் ஓட்டுவது இன்று சாத்தியம், சில்லறை வித்தியாசங்கள் உண்டு. பெரிய மாற்றம், நீட்சிகளுக்கான விதிமுறைகளின் மூன்றாவது பதிப்பான மேனிஃபெஸ்ட் வி3. குரோமில் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த பக்கம் போய், வேலை இருக்கும்போது மட்டும் எழுந்து, 30 விநாடி சும்மா இருந்தால் அடங்கிவிடுகிற சர்வீஸ் ஒர்க்கர் வந்தது. மாறிகளில் எதையாவது வைத்துக்கொண்டு அது அங்கேயே இருக்கும் என்று நினைத்தால் போச்சு. விற்பனையாளர் ஒரு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்புவதற்குள் 30 விநாடி கடந்திருக்கும். இவர்கள் வேலை செய்கிற தாளத்துக்கு இது நேரடியாகக் குறுக்கே வருகிறது. ஆகவே ஒவ்வொரு எழுத்து மாறும்போதும் அதை ஸ்டோரேஜில் எழுதிவிடுகிறேன்.

நீட்சியின் பொத்தானை அழுத்தினால் திறக்கிற பாப்அப் சாளரமும் அப்படித்தான், வெளியே எங்காவது சொடுக்கினால் மூடிக்கொள்ளும், பாதி எழுதிய விவரம் போய்விடும். குரோம் 114 முதல் பக்கப் பலகம் என்ற ஏபிஐ இருக்கிறது, அது டேப் மாறினாலும் அப்படியே நிற்கும். புத்தக விற்பனையாளருக்கு அதுதான் பொருத்தம். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு இணையான பக்கப்பட்டை ஏற்கெனவே உண்டு.

நீட்சி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது ஒரு சங்கடம் வரும். ஏற்கெனவே திறந்திருக்கிற டேப்புகளில் பழைய ஸ்கிரிப்ட் அநாதையாக நின்றுவிடும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. காலையிலிருந்து இருபது டேப் திறந்து வைத்திருப்பவருக்கு இது என்ன என்றே புரியாது. அந்தப் பிழையைப் பிடித்து, பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள் என்று ஒரு வரி காட்டினால் போதும். சின்ன விஷயம், ஆனால் இது இல்லாவிட்டால் நீட்சி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி நீக்கிவிடுவார்கள்.

அனுமதிகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். எல்லா இணையதளங்களிலும் உள்ள எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பது நிரல் எழுதுபவருக்கு வசதி. விற்பனையாளரின் பிரவுசரிலோ வங்கிக் கணக்கு இருக்கிறது, வாங்கியவர்களின் முகவரி இருக்கிறது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற, மிகப் பலர் பயன்படுத்திய குரோம் நீட்சி 2020-ல் வேறு கைக்கு விற்கப்பட்டது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தியவர்கள் எதுவும் செய்யவில்லை, முன்பு கொடுத்த அனுமதி அப்படியே புது உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அதனால் குறைந்தபட்ச அனுமதியைத்தான் கேட்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நிறுவும்போது ஆக்டிவ்டேப் மட்டும், அதாவது விற்பனையாளர் பொத்தானை அழுத்துகிற பக்கத்தை மட்டும் அந்த நேரத்தில் படிக்கலாம். தொடர்ந்து பார்க்க வேண்டிய தளம் ஏதாவது இருந்தால் அந்த ஒரு தளத்துக்குத் தனியாக அனுமதி கேட்கும், அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் பக்கத்தில் சர்வரே கிடையாது. கையிருப்புப் பட்டியல், கொள்முதல் விலை, லாபம் எல்லாம் அவர் கணினியிலேயே இருக்கும். ஒரு விற்பனையாளரின் கொள்முதல் விலை அவருடைய வியாபார ரகசியம், அதை நான் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இதே காரணத்தால் விற்பனைத் தளங்களை நீட்சி தன் இஷ்டத்துக்குத் தேடிப் போவதும் கிடையாது. அவர் திறந்து பார்க்கிற பக்கத்தில் இருப்பதை மட்டுமே படிக்கும். பின்னணியில் நூற்றுக்கணக்கான பக்கங்களை இழுத்தால் தளத்தின் விதிகளை மீறுவதாக ஆகிவிடும், அடி விழுவது அவருடைய விற்பனைக் கணக்கின் மேல். நூல் விவரங்களுக்கு ஓப்பன் லைப்ரரியும் கூகுள் புக்ஸும் முறையான ஏபிஐ வைத்திருக்கின்றன, ஐ.எஸ்.பி.என். கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் ஜேசனாக வந்துவிடும். சில நேரம் இரண்டும் இரண்டு ஆண்டைச் சொல்லும். அப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன், புத்தகத்தைத் திறந்து எது சரி என்று அவர் பார்த்துக்கொள்வார்.

லாபக் கணக்கு சுலபமானது என்று தோன்றும். விற்கிற விலையோடு வாங்குபவர் தருகிற அனுப்புக் கட்டணத்தைக் கூட்டி, தளத்தின் கமிஷன், நிலையான கட்டணம் இருந்தால் அது, பணப் பரிமாற்றக் கட்டணம், உண்மையான தபால் செலவு, உறை, கொள்முதல் விலை எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் வரும். ஆனால் கமிஷன் நூலின் விலைக்கு மட்டுமா, அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்தா என்பது தளத்துக்குத் தளம் மாறும், மலிவான புத்தகங்களில் அந்த ஒரு வித்தியாசமே லாபத்தை நஷ்டமாக்கிவிடும். தபால் செலவுக்கு எடை வேண்டும், அதைத் தராசில் வைத்துத்தான் சொல்ல முடியும், பக்க எண்ணிக்கையை வைத்து ஊகிப்பது கெட்டித் தாளில் அச்சடித்த படப் புத்தகங்களில் முழுக்கத் தப்பாகும். இந்த விகிதங்களை எல்லாம் நிரலுக்குள் புதைக்காமல் விற்பனையாளரே மாற்றிக்கொள்கிற அட்டவணையாக வைத்தேன். இன்னொரு தொழில்நுட்பக் குறிப்பு: பணத்தைத் தசமப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். எந்த நாணயமானாலும் அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டு, காட்டும்போது மட்டும் புள்ளி வையுங்கள்.

கணக்கு வந்துவிட்டதே, விலையையும் நீட்சியே நிரப்பிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். மாட்டேன் என்பதுதான் என் பதில், அதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணமும் இருக்கிறது. 2011 ஏப்ரலில் பீட்டர் லாரன்ஸ் எழுதிய தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை என்ற உயிரியல் நூலின் ஒரு பிரதிக்கு அமேசானில் 23,698,655.93 டாலர் விலை நின்றது. மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர் அதைக் கவனித்து நாள்தோறும் குறித்து வைத்தார். இரண்டு விற்பனையாளர்களின் விலை நிரல்கள் ஒன்றையொன்று பார்த்து விலை வைத்துக்கொண்டிருந்தன. ஒன்று எதிராளியின் விலையை 0.9983-ஆல் பெருக்கித் தன் விலையைச் சற்றுக் குறைவாக வைத்தது, மற்றது எதிராளியின் விலையை 1.270589-ஆல் பெருக்கியது. ஒரு சுற்று முடிந்தால் விலை கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும், அப்புறம் அடுத்த சுற்று. அது உச்சத்துக்குப் போன மறுநாள்தான் விலை 106 டாலருக்கு இறங்கியது.

அந்த விலையில் யாரும் வாங்கப்போவதில்லை என்பதால் பெரிய கேடு இல்லை என்று நினைக்கலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது இறங்குமுகமாக நடக்கிற அதே விஷயம். எல்லோருடைய நிரலும் அடுத்தவரைவிடக் கொஞ்சம் குறைவாக வை என்று ஓடினால், நல்ல நிலையில் இருக்கிற நல்ல நூலின் விலையும் கட்டுப்படியாகாத இடத்துக்கு இறங்கிவிடும், தனி ஆளாக விற்கிறவர்தான் முதலில் அடிபடுவார். அவர் வைத்திருப்பது மேலுறையோடு கூடிய பிரதி, பக்கத்தில் மிகக் குறைந்த விலைக்கு இருப்பது நூலகம் கழித்துவிட்ட பிரதி. இரண்டையும் ஒரே எண்ணின் கீழ் தளம் வரிசைப்படுத்துகிறது. நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே நீட்சி மிகக் குறைந்த விலையைத் தனியாகப் பெரிதாகக் காட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கிற பிரதிகளை நிலை வாரியாகப் பிரித்து, அதே நிலையில் உள்ளவற்றின் நடு விலையைக் காட்டும், நூலகப் பிரதி என்று விவரத்தில் எழுதியிருந்தால் அதைத் தள்ளி வைக்கும். இவை எல்லாம் கேட்கப்படுகிற விலை, விற்ற விலை இல்லை என்பதையும் அந்த இடத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். விலைப் பெட்டியில் அவர்தான் அடிக்க வேண்டும்.

நிலை விவரம் எழுதுவதில்தான் எனக்கு ஆசை அதிகம். பழைய புத்தகங்களின் நிலையைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்வரிசை, ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று போவது, ஏபி புக்மேன்ஸ் வீக்லி என்ற தொழில் இதழ் 1949-ல் வரையறுத்துக் கொடுத்ததிலிருந்து வருகிறது. அந்த வரிசையில் குட் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, நிறையப் படிக்கப்பட்ட, ஆனால் பக்கம் எதுவும் குறையாத சாதாரணப் பிரதி என்று அர்த்தம். இது தெரியாமல் வாங்குகிறவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார், விற்றவர் தான் சரியாகத்தானே எழுதினோம் என்பார். இருவருமே நியாயமாகப் பேசுகிறார்கள். ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு நகர விடாமல், நீட்சி சில கேள்விகள் கேட்கிறது. அட்டையின் முனைகள் மழுங்கியிருக்கிறதா, முதுகுப் பகுதி வெளுத்திருக்கிறதா, மேலுறை உண்டா, அதில் விலை இருந்த முனை வெட்டப்பட்டிருக்கிறதா, உள்ளே எழுத்து, கோடு, பெயர், முத்திரை ஏதாவது, தாளில் பழுப்புப் புள்ளிகள், தையலோ பசையோ விட்ட இடம், ஈரம் பட்ட கறை, வாசனை. விசைப்பலகையிலேயே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு போகலாம், புத்தகத்தை ஒரு கையிலிருந்து கீழே வைக்க வேண்டாம். பதில்களிலிருந்து வாக்கியங்களை நீட்சி கோத்துக் கொடுக்கும், அவர் திருத்திக்கொள்வார். பதில் சொல்லாத கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாது. கோடுகள் எதுவும் இல்லை என்று தானாகச் சேர்த்துக்கொள்கிற வார்ப்புரு ஒன்று நூறு நல்ல விற்பனையின் பெயரையும் ஒரே நாளில் கெடுத்துவிடும்.

இந்தக் கேள்விகளின் பட்டியலை நான் உருவாக்கவில்லை. விற்பனையாளர்களிடம், உங்களுக்குத் திரும்பி வந்த புத்தகங்கள் எதனால் திரும்பி வந்தன என்று கேட்டு வாங்கியது. வாசனை என்ற கேள்வி அப்படி வந்ததுதான், எனக்குத் தோன்றியே இருக்காது.

பட்டியலை வெளியே எடுப்பதில் ஒரு தொல்லை, விற்பனையாளர்கள் எல்லோரும் அறிந்தது. காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் உரைக் கோப்பான சிஎஸ்வியை எக்செல் போன்ற விரிதாளில் நேராகத் திறந்தால் பதின்மூன்று இலக்க எண் 9.78-க்குப் பின்னால் அடுக்குக்குறி போட்ட வடிவத்துக்கு மாறிவிடும், 0-இல் தொடங்குகிற பத்து இலக்க எண்ணின் முன் பூஜ்யம் காணாமல் போகும். சேமித்துவிட்டால் போனது போனதுதான். இதற்காகவே எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் எண்களை உரையாகக் குறித்து எழுதுகிற வழியையும் சேர்த்தேன், திரும்ப உள்ளே எடுக்கும்போது 9 இலக்கமாக வந்தால் முன்னால் 0 வைத்துச் சரிபார்ப்புக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். தேறினால் மஞ்சள் நிறத்தில் குறித்து, இதுதானா என்று கேட்கும்.

மிச்சம் இருப்பது எண்ணே இல்லாத புத்தகங்கள், பெரும்பாலும் 1970-க்கு முந்தியவை, அதற்குப் பிறகும் சிறு பதிப்பகங்கள் எண் வாங்காமல் வெளியிட்டவை. விலை மதிப்புள்ளவை பல இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன, ஆனால் கருவிகள் பெரும்பாலும் எண்ணைச் சுற்றியே கட்டப்பட்டிருப்பதால் இவற்றை ஒதுக்கிவிடுகின்றன. நீட்சியில் இவற்றுக்குத் தனிப் படிவம் வைத்திருக்கிறேன். தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பின்பக்கத்தில் உள்ள அச்சு விவரம், பக்க எண்ணிக்கை, சென்டிமீட்டரில் உயரம். நூலக அட்டவணைகளில் உயரமும் பக்க எண்ணிக்கையும் இருக்கும் என்பதால், ஒரே ஆண்டில் வந்த இரண்டு பதிப்புகளைப் பிரித்தறிய இவை பல சமயம் கைகொடுக்கும். தலைப்பையும் ஆசிரியரையும் வைத்து ஓப்பன் லைப்ரரியில் தேடி, கிடைக்கிற பதிப்புகளை அடுக்கி, கையில் இருக்கிற பிரதியோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று ஒவ்வொரு கட்டமாக நிறம் போட்டுக் காட்டுகிறது. ஆண்டு ஒத்துப்போய்ப் பதிப்பகம் மாறினால் ஒருவேளை உரிமம் வாங்கிய மறுபதிப்பாக இருக்கலாம், பக்கம் மாறினால் முன்னுரை சேர்த்ததாக இருக்கலாம். எதுவும் பொருந்தவில்லை என்ற பொத்தானும் முதல் வரிசையிலேயே இருக்கிறது, அதை அழுத்தினால் அவர் நிரப்பிய விவரங்களோடு பட்டியல் அப்படியே உருவாகும். இப்போது போய்க்கொண்டிருக்கிற வேலை, ஆண்டு அச்சடிக்காத புத்தகங்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரு கால எல்லையை, 1920-க்கும் 1935-க்கும் இடையில் என்பது போல, எழுத விடுவதும் அந்த எல்லைக்குள் வருகிற பதிப்புகளை முதலில் கொண்டுவருவதும்.